முள்ளிக்குளத்துக் கடலும் அயல்நாட்டுக் கப்பல்களும்: வாசகர் கேள்வி–பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விடயத்தைப் பற்றியவை. வெளிநாட்டுக் கடற்படைகள் இலங்கைக்கு வந்து கூட்டுப் பயிற்சி செய்வது ஏன், வன்னிக் கரையில் இருக்கும் நமக்கு அதனால் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். வணிகக் கப்பல்களில் அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்று முல்லைத்தீவுக்குத் திரும்பியவன் என்பதால், ஆசிரியர் அவற்றை மொத்தமாக என்னிடம் அனுப்பிவிட்டார். நான் எந்தக் கடற்படையிலும் இருந்ததில்லை. ஆனால் பல நாட்டுப் போர்க்கப்பல்களின் அருகே கப்பல் செலுத்தியிருக்கிறேன், அவர்களுடன் வானொலியில் பேசியிருக்கிறேன். அந்தப் பழக்கத்திலிருந்தே எழுதுகிறேன்.

ஐயா, 'கூட்டுக் கடற்பயிற்சி' என்று செய்தியில் அடிக்கடி வருகிறது. கப்பல்கள் சேர்ந்து நின்று படம் எடுப்பதைத் தவிர அங்கே உண்மையில் என்ன நடக்கிறது?
– உயர்தர வகுப்பு மாணவி, கிளிநொச்சி

தங்கச்சி, இந்தியாவும் இலங்கையும் 2005 முதல் நடத்திவரும் 'ஸ்லினெக்ஸ்' பயிற்சியை எடுத்துக்கொள்வோம். அது இரண்டு கட்டமாக நடக்கும். முதலாவது துறைமுகக் கட்டம். இரு நாட்டு அதிகாரிகளும் ஒரே மேசையில் உட்கார்ந்து, எந்த அலைவரிசையில் பேசுவது, எந்தச் சைகைக்கு என்ன பொருள், யார் கட்டளைக்கு யார் கீழ்ப்படிவது என்று ஒவ்வொன்றாக முடிவு செய்வார்கள். ஒருவர் கப்பலை மற்றவர் ஏறிப் பார்ப்பார். கரப்பந்தாட்டமும் இருக்கும். அடுத்தது கடற்கட்டம். கப்பல்கள் குறிப்பிட்ட இடைவெளியில் அணிவகுத்து ஓடும். ஒரு நாட்டு ஹெலிகொப்டர் மற்ற நாட்டுக் கப்பலின் தளத்தில் இறங்கி ஏறும். மிதக்கும் இலக்கை நோக்கிச் சுடுவார்கள். சந்தேகத்துக்குரிய கப்பலை மறித்து ஏறிச் சோதனையிடவும், கடலில் விழுந்தவரைத் தேடி எடுக்கவும் பழகுவார்கள்.

இதற்கெல்லாம் ஏன் முன்கூட்டியே பழக வேண்டும் என்பதை ஏடன் வளைகுடாவில் நேரில் கண்டேன். 2008ஆம் ஆண்டில் சோமாலியக் கடற்கொள்ளை திடீரென்று பெருகியது. அந்த ஆண்டின் முடிவிலும் 2009இன் தொடக்கத்திலும் ஐரோப்பிய ஒன்றியத்தின் கடற்படையணி ஒன்று, அமெரிக்கத் தலைமையிலான 151ஆவது கூட்டுப் படையணி, இந்தியக் கப்பல்கள், சீனக் கப்பல்கள் என்று எல்லோரும் அங்கே வந்து சேர்ந்தார்கள். நம் போன்ற வணிகக் கப்பல்களுக்கென்று ஒரு பாதை வகுத்தார்கள். இரவில் சுக்கான் அறையில் காவல் நிற்கும்போது, ஒரு நாட்டுக் கப்பல் தன் பகுதியின் எல்லைவரை நம்மைக் கண்காணித்துவிட்டு அடுத்த நாட்டுக் கப்பலிடம் ஒப்படைப்பதை வானொலியில் கேட்கலாம். அரசியலில் ஒருவரை ஒருவர் நம்பாத நாடுகள் அவை. ஆனாலும் பேச்சு சுருக்கமாக, தெளிவாக இருந்தது. முன்பே பேசிப் பழகியவர்களால்தான் அப்படிப் பேச முடியும். பயிற்சி முழுவதும் வீண் என்று எவராவது சொன்னால் நான் ஏற்கமாட்டேன்.

நம் கரைக்கு அருகிலும் உதாரணம் உண்டு. 2020 செப்டம்பரில் 'நியூ டயமண்ட்' என்ற எண்ணெய்க் கப்பல் கிழக்குக் கடலில், சங்கமன்கண்டிக்கு அப்பால் தீப்பற்றியது. ஏறத்தாழ 2,70,000 தொன் மசகு எண்ணெய் அதில் இருந்தது. இலங்கைக் கடற்படையும் இந்தியக் கடலோரக் காவல் படையும் சேர்ந்து நாட்கணக்கில் போராடித் தீயை அணைத்தன. அந்தச் சரக்கு கடலில் கலந்திருந்தால் கிழக்குக் கரையின் கடற்றொழில் என்னவாகியிருக்கும் என்று நினைக்கவே அச்சமாக இருக்கிறது.

ஆனால் முழுக் கதையும் மீட்புப் பணி என்று எண்ணிவிடாதீர்கள். பீரங்கிப் பயிற்சி பீரங்கிப் பயிற்சிதான். இந்தியாவும் அமெரிக்காவும் 1992இல் தொடங்கிய 'மலபார்' பயிற்சியில் 2015 முதல் யப்பான் நிரந்தரமாக இருக்கிறது, 2020இல் அவுஸ்திரேலியாவும் சேர்ந்தது. நீர்மூழ்கியைத் தேடிப் பிடிப்பது அதில் முக்கியமான பாடம். அவர்கள் மனதில் இருப்பது சீனாவின் கடற்படை. 2022 ஓகஸ்டில் சீனாவின் செய்மதிக் கண்காணிப்புக் கப்பலான 'யுவான் வாங் 5' அம்பாந்தோட்டைக்கு வந்தபோது டெல்லி எவ்வளவு பதறியது என்பது உங்களுக்கு நினைவிருக்கும். வெளிநாட்டு ஆய்வுக் கப்பல்கள் எதுவும் வர வேண்டாம் என்று 2024இல் கொழும்பு ஓராண்டுத் தடை போட்டதும் அந்த இழுபறியினால்தான்.

உலகிலேயே பெரிய கடற்பயிற்சி எது? இலங்கை அதற்குப் போகிறதா?
– வாசகர், நெடுங்கேணி

'ரிம்பாக்'. 1971இல் தொடங்கியது. ஈராண்டுக்கு ஒருமுறை ஹவாய்த் தீவுகளை மையமாக வைத்து அமெரிக்கா நடத்துகிறது. 2024இல் 29 நாடுகள் பங்குகொண்டன. இலங்கை 2018இல் முதன்முதலாகத் தன் மரைன் பிரிவினரை அனுப்பியது.

பயிற்சி நடக்கும் நாட்களில் எங்களுக்கு முன்னறிவித்தல் வருவதில்லை. இரவில் வலை விட்டுக்கொண்டிருக்கும்போது பெரிய கப்பல் ஒன்று கிட்ட வந்தால் யாரிடம் சொல்வது? எங்களிடம் இருப்பது சின்னப் பைபர் படகு.
– கடற்றொழிலாளர், நாயாறு

தம்பி, நான் பல இடங்களில் பேசிப் பார்த்தும் தீராத குறை இது. அறிவித்தல் இல்லாமல் இல்லை. சுடும் பயிற்சி நடக்கப்போகிறது என்றால் இன்ன நாள், இன்ன நேரம், இன்ன ஆள்கூறுகள் என்று கடல்வழி எச்சரிக்கை வெளியாகும். இந்த எச்சரிக்கைகளுக்காக உலகக் கடல்களை வலயங்களாகப் பிரித்திருக்கிறார்கள்; நம் கடல் எட்டாவது வலயத்துக்குள் வருகிறது. அதன் ஒருங்கிணைப்பாளர் இந்தியா. அந்த எச்சரிக்கை ஆங்கிலத்தில், செய்மதி வழியாகவும் நாவ்டெக்ஸ் கருவி வழியாகவும் கப்பல்களுக்குப் போய்ச் சேரும். நான் கப்பலில் இருந்தபோது அச்சாகி வரும் அந்தத் துண்டுத்தாளைக் கிழித்து எடுத்து, வரைபடத்தில் பென்சிலால் கட்டம் போட்டு, அந்தக் கட்டத்தைச் சுற்றிப் போயிருக்கிறோம். உங்கள் படகில் அந்தக் கருவி இல்லை. இருந்தாலும் அது தமிழில் பேசாது.

திருகோணமலைக்கு அப்பால் 2017 ஒக்டோபரில் அமெரிக்காவுடனான 'கராட்' பயிற்சியும் 2020 ஒக்டோபரில் ஸ்லினெக்ஸும் நடந்தன. கொக்கிளாய், நாயாறு வாடிகளிலிருந்து அந்தக் கடல் எவ்வளவு தூரம்? பெரிய கப்பல்கள் தங்களுக்குள் மோதிக்கொள்ளாமல் இருக்க இத்தனை ஏற்பாடு செய்கிறவர்கள், அதே ஆள்கூறுகளைத் தமிழில் எழுதி மாவட்டக் கடற்றொழிலாளர் சமாசத்துக்கு அனுப்புவதில் என்ன சிரமம்? ஒரு தாள், ஒரு குறுஞ்செய்தி போதும். வானொலியின் வானிலை அறிக்கையோடு சேர்த்து வாசித்தாலும் போதும். உங்கள் சங்கம் இதை எழுத்தில் கேட்க வேண்டும். கடற்றொழில் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்துக்கு ஒரு கடிதம், மாவட்டச் செயலாளருக்கு ஒரு பிரதி. நீங்கள் கேட்டால் கடிதத்தை நானே எழுதித் தருகிறேன்.

இரவில் கப்பல் கிட்ட வந்தால் முதல் வேலை உங்களைக் காட்டிக்கொள்வது. வெளிச்சத்தை அணைத்துவிட்டு ஒதுங்கினால் ஆபத்து கூடும். பைபர் படகு ரேடாரில் சரியாகத் தெரியாது, அலை இருந்தால் அறவே தெரியாது. ஆகவே டோர்ச் வெளிச்சத்தை முதலில் கப்பலின் சுக்கான் அறையை நோக்கியும் பிறகு உங்கள் படகின் மேலும் மாறி மாறிப் பிடியுங்கள். மூன்று நான்கு படகுகள் சேர்ந்து தொழில் செய்கிறீர்கள் என்றால், ஒரு படகிலாவது கையடக்க வி.எச்.எப். வானொலிக் கருவி இருக்கட்டும். அதற்கு அனுமதிப் பத்திரம் எடுக்க வேண்டும், சங்கத்தின் பெயரில் எடுப்பது இலகு. 16ஆம் அலைவரிசையை எல்லா நாட்டுக் கப்பல்களும் இரவும் பகலும் கேட்டுக்கொண்டிருக்கும். "ஃபிஷிங் போட், நெட்ஸ் அஹெட்" (மீன்பிடிப் படகு, முன்னால் வலை) என்ற சொற்கள் போதும். இலக்கணம் பார்க்க அங்கே யாரும் இல்லை.

மன்னார் முள்ளிக்குளம் கடற்படைத் தளத்தில் அமெரிக்கர்கள் பயிற்சி செய்தார்கள் என்று கேள்விப்பட்டேன். உண்மையா? அது எங்கள் அம்மாவின் ஊர்.
– வாசகி, முருங்கன்

உண்மை, தங்கச்சி. 2023 ஜனவரியில் நடந்த 'கராட்' பயிற்சி கொழும்பிலும் முள்ளிக்குளத்திலும் அதற்கு அப்பாலுள்ள மேற்குக் கடலிலும் நடந்தது. அமெரிக்கத் தரப்பில் 'ஆங்கரேஜ்' என்ற தரையிறக்கக் கப்பல் வந்தது. யப்பானியரும் மாலைதீவுப் படையினரும் கலந்துகொண்டார்கள். அனர்த்த நிவாரணமும் கடற்பாதுகாப்பும் நோக்கம் என்று அறிவித்தார்கள்.

முள்ளிக்குளம் இன்னொரு கணக்கிலும் வருகிறது. இந்தியாவின் 60 இலட்சம் டொலர் நன்கொடையில் அமைந்த கடல்சார் மீட்பு ஒருங்கிணைப்பு நிலையம் 2024 யூனில் கொழும்பில் தொடங்கிவைக்கப்பட்டது. தலைமை நிலையம் கடற்படைத் தலைமையகத்தில், துணை நிலையம் அம்பாந்தோட்டையில், ஆளில்லாக் கருவி நிலையங்கள் கரையோரமாகப் பல இடங்களில். அந்தப் பட்டியலில் திருகோணமலை, பருத்தித்துறையோடு முள்ளிக்குளமும் இருக்கிறது. இலங்கை பொறுப்பேற்றிருக்கும் தேடல் மீட்புக் கடற்பரப்பு நாட்டின் நிலப்பரப்பைப் போல் 27 மடங்கு. அதைக் கண்காணிக்க இப்படியான நிலையங்கள் தேவை என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

என் மனம் கொதிப்பது வேறு இடத்தில். 2007இல் அந்த ஊர் மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். போர் முடிந்த பிறகும் வீடு திரும்ப விடவில்லை, ஊர் கடற்படையின் வடமேற்குக் கட்டளைத் தலைமையகமாகிவிட்டது. மக்கள் மலங்காட்டிலும் காயாக்குழியிலும் கொட்டில் போட்டுக் காத்திருந்தார்கள். 2017இல் ஒரு மாதத்துக்கு மேல் வீதியோரம் இருந்து போராடினார்கள். அந்த ஏப்ரல் முடிவில் 100 ஏக்கரை விடுவதாகக் கடற்படை ஒப்புக்கொண்டது. வீடுகள் இருந்த பகுதியும் குளங்களும் அதன் பிறகும் வேலிக்குள்ளேயே இருந்தன. தலைமுறை தலைமுறையாக வலை இழுத்த கரைக்குப் போக அனுமதி கேட்டு நிற்கவேண்டிய நிலைமை.

அந்த மண்ணில் நின்று வெளிநாட்டுப் படையினர் 'மனிதாபிமான உதவி' பழகினார்கள். வந்தவர்களிடம் இந்த ஊரின் கதையை யாராவது சொன்னார்களா? ஒரு நாட்டுப் படை இன்னொரு நாட்டுத் தளத்துக்குப் பயிற்சிக்கு வரும்போது, அந்தத் தளம் யாருடைய காணியில் நிற்கிறது என்று கேட்க வேண்டும். அனர்த்தத்தில் வீடிழந்தவர்களை மீளக் குடியமர்த்துவது எப்படி என்று பாடம் எடுப்பவர்களுக்கு அந்தக் கேள்வி அந்நியமானது அல்ல. தூதரக அதிகாரிகள் மன்னாருக்கு வரும்போதெல்லாம் ஊர் மக்களும் பங்குத்தந்தையும் இதை முதல் கோரிக்கையாக முன்வைக்க வேண்டும். காணி உறுதி, அனுமதிப் பத்திரம், பழைய வாக்காளர் இடாப்பு ஆகியவற்றின் பிரதிகளை உங்கள் அம்மா பத்திரமாக வைத்திருக்கட்டும். வாய்ச்சொல்லாக அன்றி, எழுத்தாக அவர்கள் கையில் கொடுங்கள். பயிற்சி நடந்த இடம் என்பதனாலேயே அந்த நாடுகளுக்கு இந்தக் காணி விடயத்தில் ஒரு பொறுப்பு வந்துவிட்டது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

1987இல் இந்திய அமைதிப்படை வந்ததைக் கண்டவள் நான். வெளிநாட்டுச் சீருடையைக் கண்டாலே இன்றும் நெஞ்சு பதறுகிறது. இப்போது அவர்கள் பாலம் போட்டுக் கொடுத்தார்கள் என்று பேரப்பிள்ளைகள் சொல்கிறார்கள். எதை நம்புவது?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, மாங்குளம்

அம்மா, உங்கள் பதற்றத்துக்கு நீங்கள் யாருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. 1987 யூலை முடிவு தொடங்கி 1990 மார்ச் வரை இந்த மண்ணில் நடந்தவை மறக்கக்கூடியவை அல்ல. பாலம் போட்டதால் அந்தக் கணக்கு தீர்ந்துவிடாது.

பேரப்பிள்ளைகள் சொல்வதும் உண்மைதான். 2025 நவம்பர் முடிவில் 'டித்வா' புயல் வந்தபோது, இலங்கைக் கடற்படையின் 75ஆவது ஆண்டுக் கடற்படை அணிவகுப்புக்காக இந்தியாவின் விமானந்தாங்கிக் கப்பல் 'விக்ராந்த்' கொழும்பில் நின்றது. நிவாரணப் பொருட்கள் முதலில் இறங்கியது அதிலிருந்தும் கூட வந்த கப்பலிலிருந்தும்தான். பரந்தன்–முல்லைத்தீவு ஏ-35 வீதியில் வெள்ளம் பாலத்தைக் கொண்டுபோனபோது, இந்திய இராணுவப் பொறியியலாளர்கள் 120 அடி நீளமான பெய்லி இரும்புப் பாலத்தைப் பொருத்தினார்கள். டிசம்பரில் அது திறக்கப்பட்டது. அந்த வீதி வெட்டுண்டால் நாங்கள் எப்படித் தவிப்போம் என்பது உங்களுக்குத் தெரியும்.

அதே ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவும் வேறு சில நாடுகளும் கட்டுநாயக்கவில் 'பசுபிக் ஏஞ்சல்' என்ற அனர்த்த நிவாரணப் பயிற்சியை நடத்தியிருந்தன. புயலுக்குப் பிறகு டிசம்பரில் அமெரிக்காவின் சி-130 ஜே சரக்கு விமானங்கள் வந்து பொருட்களை ஏற்றி இறக்கின. மூன்று மாதம் முந்தி விமான நிலையத்தில் பழகிய வேலைதான் அது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சுண்டிக்குளம் பகுதியில் வெள்ளம் வடிவதற்காக முகத்துவாரத்தை வெட்டப் போன இலங்கைக் கடற்படையினர் 5 பேர் உயிரிழந்தார்கள். அவர்களும் யாரோ பெற்ற பிள்ளைகள். கடற்படை மீது எவ்வளவு குறை எனக்கு இருந்தாலும், அந்த 5 பேருக்கும் நான் தலை வணங்குகிறேன்.

மனித உரிமை மீறல் என்று ஒருபக்கம் தடை விதிக்கிறார்கள், மறுபக்கம் அதே படைக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். இது என்ன நியாயம்?
– சட்டம் படிக்கும் மாணவர், வவுனியா

கேள்வி நேரானது. முன்னாள் கடற்படைத் தளபதி வசந்த கரன்னாகொடவுக்கு, பாரிய மனித உரிமை மீறலில் தொடர்பு என்று சொல்லி அமெரிக்கா 2023 ஏப்ரலில் நுழைவுத் தடை விதித்தது. முள்ளிக்குளப் பயிற்சி முடிந்து மூன்று மாதம்தான். 2025 மார்ச்சில் பிரித்தானியா விதித்த தடைப் பட்டியலிலும் அவர் பெயர் இருக்கிறது.

அமெரிக்காவில் 'லீஹி சட்டம்' என்று ஒன்று உண்டு. பாரிய மீறல் செய்ததாக நம்பத்தகுந்த தகவல் உள்ள படைப்பிரிவுக்கு அமெரிக்கப் பணத்தில் உதவியோ பயிற்சியோ கொடுக்கக் கூடாது என்பது அதன் சாரம். ஒவ்வொரு பிரிவையும் ஆளையும் சோதித்துத்தான் சேர்க்க வேண்டும். நீங்கள் சட்டம் படிப்பவர், ஆகவே இந்த வழியைப் பிடியுங்கள். காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களிடம் இருக்கும் சாட்சியங்களில் எந்தப் பிரிவு, எந்த முகாம், எந்தத் திகதி என்ற விவரம் இருந்தால் அதற்குப் பெறுமதி அதிகம். 'இராணுவம் கொண்டுபோனது' என்ற ஒரு வரியை வைத்து அந்தச் சோதனையில் எவரையும் நிறுத்த முடியாது. முகாமின் பெயரும் திகதியும் இருந்தால் முடியும். வவுனியா வீதியோரத்தில் ஆண்டுக்கணக்காக இருக்கும் தாய்மாருக்கு உங்களைப் போன்றவர்கள் செய்யக்கூடிய வேலை இது. தயவுசெய்து செய்யுங்கள்.

இந்தியக் கடற்படையும் இலங்கைக் கடற்படையும் ஆண்டுதோறும் கூட்டாகப் பயிற்சி செய்கின்றனவே, இந்திய ரோலர்களை (இழுவைப் படகுகளை) மட்டும் ஏன் நிறுத்த முடியவில்லை?
– கடற்றொழிலாளர், கள்ளப்பாடு

இரண்டு கடற்படைகளும் சேர்ந்து துப்பாக்கியோடு இறங்கித் தீர்க்க வேண்டும் என்று நான் ஒருநாளும் கேட்கமாட்டேன். அக்கரையில் ரோலரில் கூலிக்கு ஏறுபவனும் ஏழைத் தமிழன்தான். அவனுக்கு ஒன்று நடந்தால் இங்கே யாருக்கும் நிம்மதி வராது. ஆனால் அறுந்த வலைக்கு நீங்கள் பட்ட கடனை நான் அறிவேன். இழுவை மடித் தொழிலை இலங்கை 2017இல் சட்டத்தால் தடை செய்தது. அதே ஆண்டு இந்தியாவும் பாக்கு நீரிணையின் 2,000 ரோலர்களை ஆழ்கடல் படகுகளாக மாற்றப்போவதாகத் திட்டம் போட்டது. அது நத்தை வேகத்தில் போகிறது. 2016இல் அமைத்த இரு நாட்டுக் கூட்டுச் செயற்குழுவும் கூடிக் கலைகிறது.

ஆகவே கேட்க வேண்டியது இதுதான்: அடுத்த ஸ்லினெக்ஸின் துறைமுகக் கட்டத்தில் அதிகாரிகள் உட்காரும்போது ஒரு அமர்வை இதற்கு ஒதுக்கட்டும். ரோலர்கள் கடல் எல்லையை நெருங்கும்போதே இந்தியத் தரப்பு தன் பக்கத்தில் நின்று திருப்பி அனுப்பலாம். எல்லைக் கோடு 1974இலும் 1976இலும் உடன்படிக்கையாகப் போடப்பட்டது, எங்கே இருக்கிறது என்பதில் ஐயமில்லை. அந்த அமர்வுக்கு முல்லைத்தீவு, மன்னார் சமாசங்களிலிருந்து இரண்டு பேரையும் இராமேஸ்வரத்திலிருந்து இரண்டு பேரையும் அழைக்கட்டும்.

2024 டிசம்பரில் ரோகிங்கியா அகதிகளின் படகை முள்ளிவாய்க்கால் கடலில் முதலில் கண்டது எங்கள் ஆட்கள். இன்னொரு முறை அப்படி வந்தால், உதவி செய்ததற்காக எங்களைப் பிடிப்பார்களா?
– கடற்றொழிலாளர், முள்ளிவாய்க்கால்

நூற்றுக்கும் மேற்பட்டவர்கள், அவர்களில் எத்தனையோ குழந்தைகள். உங்கள் ஆட்கள் தண்ணீரும் சாப்பாடும் கொடுத்ததை அறிந்தபோது பெருமையாக இருந்தது. கடலில் தத்தளிப்பவருக்கு உதவும்படி ஒவ்வொரு நாடும் தன் கப்பல்களின் தலைவர்களைக் கட்டாயப்படுத்த வேண்டும் என்று ஐ.நா. கடற்சட்ட உடன்படிக்கையின் 98ஆவது உறுப்புரை சொல்கிறது. உதவி குற்றமாகாது. இருந்தும் கவனமாகச் செய்யுங்கள். உங்கள் சின்னப் படகில் அவர்களை ஏற்றாதீர்கள், எல்லோரும் ஒரே பக்கம் பாய்ந்தால் இரண்டு படகும் கவிழும். தள்ளி நின்று கயிற்றில் கட்டித் தண்ணீர்ப் போத்தலை அனுப்புங்கள். உடனே சங்கத் தலைவருக்கும் கிராம அலுவலருக்கும் தொலைபேசியில் சொல்லுங்கள், வி.எச்.எப். இருந்தால் 16இல் கூப்பிடுங்கள். கண்ட நேரத்தையும் ஜி.பி.எஸ். காட்டும் இடத்தையும் கைத்தொலைபேசியில் படமாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு விசாரணை என்று யார் வந்தாலும் அந்தப் படத்தைக் காட்டலாம்.